மில் விலக்கு வெள்ளை நாய்

கருத்தப்பாண்டி பாய்லரைப் பற்றவைத்து, முதல் டீயை ரோட்டில் ஊற்றி, மேற்கே மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிமிரும்போது பொழுது விடிந்திருக்காது. அந்தக் கருக்கலில், குடியிருப்பிலிருந்து வரும் மண்பாதையில் முதலில் கண்ணுக்குத் தெரிவது நாய்தான். நல்ல உயரம், மறு இல்லாத வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. அதன் கழுத்தில் விரல் படும்படி ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மறு கையில் தூக்குச்சட்டியோடு அழகுத்தாய் வருவாள். சங்கிலி கிடையாது, கயிறு கிடையாது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர் வேலைக்குப் போகிற மாதிரி இருவரும் கடையைத் தாண்டி, ஓடைப் பாலத்தைத் தாண்டி, மில்லைப் பார்த்து நடப்பார்கள்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் மில் விலக்கு என்று கேட்டால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். இறங்கியதும் கருத்தப்பாண்டியின் ஓலைக் கொட்டகைதான் முதலில் வரும். அதற்கு எதிரே மில்லுக்கு விலகிப் போகிற சாலை. அதில் கூப்பிடு தூரத்தில் ஓடைப் பாலம். பாலத்துக்கு அப்பால் மில் கேட். எண்பத்தேழாம் வருஷத்தில் அந்த மில்லின் ரீலிங் பிரிவில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் வேலையில், அழகுத்தாய் இருந்தாள். பெண்களுக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும்தான். ஆனால் பகல் ஷிஃப்ட்டுக்கு இருட்டோடு கிளம்ப வேண்டும், திரும்பும்போது பொழுது மசங்கிவிடும். அவளுடைய அப்பா சமுத்திரம் காலமெல்லாம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நெஞ்சு கெட்டுப்போய்க் கட்டிலோடு கிடந்தார். அம்மா முத்தாத்தாளுக்குத் தோப்பில் கூலி வேலை, அதுவும் இருந்தால் உண்டு. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அழகுத்தாய் அந்த ரோட்டில் நடந்து போய் நடந்து வந்ததால்தான்.

நடப்பது என்ன பெரிய காரியம் என்று ஆண்பிள்ளைகள் கேட்கலாம். கேட்பார்கள். ஓடைப் பாலத்துக் கட்டையில் நாலைந்து இளவட்டங்கள் காலையிலும் மாலையிலும் உட்கார்ந்திருப்பார்கள். படிப்பையும் விட்டாயிற்று, வேலையையும் தேடவில்லை. மில் பெண்கள் போகிற நேரத்துக்கு இருட்டோடு எழுந்து வருகிற சுறுசுறுப்பை வேறு எதிலாவது காட்டியிருந்தால் அவர்கள் வீட்டார் கோயில் கோயிலாகப் போய்த் தேங்காய் உடைத்திருப்பார்கள். அவர்களுக்குத் தலைவன் ஐயாதுரை. கருத்தப்பாண்டியின் கொட்டகை நின்ற இடம் ஐயாதுரையின் அப்பாவுக்குச் சொந்தமான நிலம்.

முதலில் பாட்டுப் பாடினார்கள். பிறகு அவளுக்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். பிறகு சைக்கிளில் பின்னால் வந்து தோளில் இடித்துவிட்டுப் போனார்கள். மற்றப் பெண்கள் டவுன் பஸ்ஸிலும் லாரியிலும் கூட்டமாக வந்து மில் கேட்டிலேயே இறங்கிவிடுவார்கள். மண்பாதையிலிருந்து ஒற்றையாக வருகிறவள் அழகுத்தாய் ஒருத்திதான். ஒருநாள் சாயங்காலம் அவள் தூக்குச்சட்டியைப் பிடுங்கி ஓடையில் எறிந்துவிட்டுத் தாவணித் தலைப்பைப் பிடித்து இழுத்தான் ஐயாதுரை. அவள் போட்ட சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. கடையில் இருந்தவர்கள் பேப்பரில் மூழ்கினார்கள். கருத்தப்பாண்டி டீயை வழக்கத்தைவிடச் செத்த நேரம் கூடுதலாக ஆற்றினார்.

அவர் கெட்டவர் இல்லை. யாராவது மயங்கி விழுந்தால் சோடாவை உடைத்துக்கொண்டு ஓடுகிற மனுஷன்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. நம்ம ஜோலி டீ ஆத்துறது, ரோட்டில் நடக்கிறதுக்கு நாம் பொறுப்பில்லை, இளவட்டங்கள் என்றால் அப்படித்தான் இருக்கும், நாளைக்குக் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும். கேட்டுப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். மீதிப் பாதி, அந்தப் பிள்ளை ஏன் ஒற்றையாக வருகிறது என்று கேட்கும்.

அன்றைக்கு இரவு சமுத்திரம் இருமலுக்கு நடுவே மகளிடம் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் மில் வேலை வேண்டாம், கஞ்சியோ தண்ணியோ குடித்துக்கொள்ளலாம் என்று. சுந்தரபாண்டியத்தில் தறி போட்டிருக்கிற சோணைமுத்து, பெண்சாதியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவர், ஏற்கெனவே ஆள் விட்டுக் கேட்டிருந்தார். அழகுத்தாய்க்குத் தறி பிடிக்காமல் இல்லை, பிள்ளைகள் பிடிக்காமல் இல்லை. அவளுக்கு அந்த ரீலிங் வேலை பிடித்திருந்தது. தன் கையால் வீட்டுக்கு அரிசி வருகிறது என்பது பிடித்திருந்தது. அதை விடுவதற்கு அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

நாய் வந்தது அப்போதுதான். முத்தாத்தாள் கூலிக்குப் போகிற தோப்பு சுப்புராஜுடையது. ராஜபாளையத்தில் மாப்பிள்ளை பார்க்க ஒருநாள் எடுத்துக்கொள்கிறவர்கள் நாய்க்குட்டி பார்க்க ஒரு மாதம் எடுத்துக்கொள்வார்கள். அப்படிப் பார்த்து எடுக்கும் குட்டிகள் சுப்புராஜ் தோப்பில்தான் பிறக்கும். இந்த வெள்ளை ஜாதியில் ஒரு குறை உண்டு. ஈற்றுக்கு ஈற்று ஒன்றிரண்டு குட்டிகள் காது கேட்காமல் பிறந்துவிடும். அந்தத் தடவை அப்படி ஒன்று பிறந்தது. அதைக் கிணற்றில் போட்டுவிடும்படி முத்தாத்தாளிடம் கொடுத்தார் சுப்புராஜ். அவள் மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற அந்த மனிதர் யோசித்துவிட்டு, “கொண்டுபோ. ஆனா நம்ம தோப்புக் குக்க செவிடுன்னு வெளிய ஒரு சொல்லு வரக் கூடாது” என்றார். நாயைக் குக்க என்றுதான் அவர் சொல்வார். தன் நாய்களின் பெயர் கெட்டுவிடும் என்று அவருக்குப் பயம்.

அழகுத்தாய் அதற்குப் பெயரே வைக்கவில்லை. கூப்பிட்டால் கேட்காத நாய்க்குப் பெயர் எதற்கு? தரையில் காலால் ஓங்கித் தட்டினால் அதிர்ச்சியை உணர்ந்து திரும்பிப் பார்க்கும். கழுத்தில் விரல் வைத்தால் நிற்கும், எடுத்தால் நடக்கும். கையை உயர்த்தினால் உட்காரும். ஒரு வருஷத்தில் அது அவள் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அதுவரைக்கும் அவள் பாலத்துப் பக்கம் போகாமல் வயக்காட்டு வழியாகச் சுற்றித்தான் மில்லுக்குப் போய்வந்தாள். அதை முதல்முதலில் கூட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்த அன்று, கட்டையில் தொங்கிக்கொண்டிருந்த கால்கள் எல்லாம் மேலே ஏறிக்கொண்டன. ஐயாதுரை வாயில் பாதிப் பாட்டு நின்றது.

அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அழகுத்தாய் மில்லுக்குள் இருக்கும் நேரமெல்லாம் நாய் கேட்டுக்கு வெளியே வாகை மரத்தடியில் படுத்திருக்கும். சாயங்காலம் அவளோடு திரும்பும். முன்பெல்லாம் பாலம் வருகிறபோது தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போகிறவள், இப்போது மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிதானமாக வந்தாள். செவிட்டு நாயால் என்ன காவல் என்று முத்தாத்தாள் ஒருநாள் கேட்டதற்கு, “காவல்லாம் தெரியாதும்மா. கூட ஒருத்தர் வாராகன்னு இருக்கு. அந்த நெனப்பே போதும்” என்றாள். வழியில் வண்டிச் சத்தம் வந்தால் அவள்தான் கேட்டு நாயை ஓரமாக ஒதுக்குவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் கேட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அது நிமிர்ந்து நடந்தது.

டீக்கடைப் பக்கமே திரும்பாதவள் இப்போது சாயங்காலம் நின்று நாய்க்குப் பொறை ரொட்டி வாங்கினாள். “அண்ணாச்சி, நல்லா மொறுமொறுன்னு இருக்கிறதா குடுங்க” என்பாள். கருத்தப்பாண்டியும் உடையாத பொறையாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு போவதைப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்லவேளை, நாம் ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

கருத்தப்பாண்டிக்கு ஒரு பலவீனம் உண்டு. நாய் விஷயத்தில் தனக்கு மிஞ்சி ஆளில்லை என்கிற பெருமை. சின்ன வயதில் அவரும் ஒரு தோப்பில் நாய்களைக் குளிப்பாட்டியவர். கடையில் அரசியல் பேசினால் சும்மா இருப்பார், சினிமா பேசினாலும் சும்மா இருப்பார். நாயைப் பற்றி யாராவது தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அந்த வெள்ளை நாயை அவர் ஆரம்பத்திலிருந்தே கவனித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை அதை ஒருதரமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மில் சங்கு ஊதும்போது விலக்கில் கிடக்கிற நாய்கள் எல்லாம் ஊளையிடும். வெள்ளை நாய் காதைக்கூட அசைக்காமல் பொறையைத் தின்றுகொண்டிருக்கும். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை யாரிடமாவது சொல்லாமல் இருப்பது அவருக்கு ஜீரணமாகாத சோறு மாதிரி நெஞ்சில் நின்றது.

மில் லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயாதுரையும் கூட்டாளிகளும் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு அந்த நாயைப் பற்றி வந்தது. அது ஜாதி நாய், அரை மைலுக்கு அப்பால் காலடி வைத்தாலும் கேட்டுவிடும், அதனால்தான் கிட்டே போக முடியவில்லை என்றான் ஒருவன். அவ்வளவுதான். கருத்தப்பாண்டியால் பொறுக்க முடியவில்லை.

“போங்கலே, நாயப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு” என்றார். “அதுக்கா காது கேக்கும்? அது பிறவிச் செவிடுலே. பின்னால வந்து வெடி போட்டாலும் திரும்பாது.”

அவர்கள் நம்பவில்லை. நம்பாதது அவரை இன்னும் கிளப்பிவிட்டது. சங்குக்கு அசையாததைச் சொன்னார், செவிட்டு வெள்ளை நாய்க்குக் கண்ணில் ஓடும் நீலத்தைச் சொன்னார், காலால் தட்டிக் கூப்பிடுவதைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கடையே வாயைப் பிளந்து கேட்டது. பேசி முடித்து டீயை நீட்டும்போதுதான் ஐயாதுரையின் முகத்தைப் பார்த்தார். அவன் மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தான். கருத்தப்பாண்டிக்குச் சொல்லக்கூடாத இடத்தில் சொல்லிவிட்டோம் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அந்தப் பிள்ளையை எச்சரித்துவிட வேண்டும் என்று மறுநாள் சாயங்காலம் காத்திருந்தார். அவள் வந்து பொறை வாங்கினாள். கடையில் ஆள் இருந்தது. என் வாயால் வந்தது என்று தெரிந்தால் என்ன நினைப்பாள் என்று கூச்சமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். மறுநாளும் விட்டார். கெட்டவர்கள் செய்கிற காரியத்தில் பாதி, நல்லவர்கள் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவதால்தான் நடக்கிறது.

கார்த்திகை மழை ஒரு பாட்டம் பெய்து வெறித்திருந்த சாயங்காலம். கடையில் லாரி டிரைவர் தவசிமுத்து, ஷிஃப்ட் முடித்த இரண்டு மில்காரர்கள், பேப்பர் படிக்கிற ஒரு ரிட்டயர்டு குமாஸ்தா என்று வழக்கமான ஆட்கள். அழகுத்தாயும் நாயும் மில்லிலிருந்து பாலத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஐயாதுரை ஓட்டினான், பின்னால் ஒருவன் இருந்தான். நாய் நிஜமாகவே செவிடுதானா என்று பார்ப்பதற்காக ஆக்ஸிலரேட்டரை முறுக்கி உறுமவிட்டுக்கொண்டு வந்தான். கடையில் இருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். அழகுத்தாய் திரும்பினாள். நாய் மட்டும் திரும்பவில்லை. அவள் அதன் கழுத்தைப் பிடித்து இழுப்பதற்குள் வண்டி உரசிவிட்டது. இடுப்பில் அடிபட்டு நாய் பாலத்துக் கட்டையில் போய் மோதி விழுந்தது.

ஒருவேளை அவன் பயமுறுத்தத்தான் நினைத்திருப்பான். ஆனால் நாய் விழுந்ததைப் பார்த்ததும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. வண்டியை நிறுத்தி இறங்கினான்.

“ஏட்டி, இந்தச் செவிட்டு நாயக் காட்டித்தான் இத்தன நாளா எங்கள ஏச்சுக்கிட்டு திரிஞ்சியா?” என்று அவள் தாவணியை முறுக்கிப் பிடித்தான்.

அழகுத்தாய் அலறினாள். சும்மா அலறவில்லை, ஆள் சொல்லிக் கூப்பிட்டாள். “அண்ணாச்சி! அண்ணாச்சி!” என்று டீக்கடையைப் பார்த்துக் கூப்பிட்டாள். கருத்தப்பாண்டி கையில் கிளாஸோடு நின்றார். போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. கொட்டகை நிற்கிற நிலம் யாருடையது என்பதும் தெரிந்தது. கால் எழவில்லை. தவசிமுத்து பெஞ்சியிலிருந்து பாதி எழுந்து மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் கருத்தப்பாண்டியைப் பார்த்தார்கள்.

போனது நாய்தான். பின்னங்கால் இரண்டும் செத்துப்போயிருந்தன. முன்னங்காலால் ஈரத் தாரில் உடம்பை இழுத்து இழுத்துக்கொண்டு வந்தது. அவள் போட்ட அலறல் அதற்குக் கேட்டிருக்காது. அவள் முகத்தைப் பார்த்தது, அவ்வளவுதான். அவளுக்கும் ஐயாதுரைக்கும் நடுவே வந்து விழுந்து, பல்லைக் காட்டி, அவன் கால்சட்டையைக் கவ்வியது. அவன் பதறி உதறிக்கொண்டு வண்டியில் ஏறினான். அவர்கள் போன பிறகுதான் கடையில் இருந்தவர்களுக்குக் கால் வந்தது.

அழகுத்தாய் ரோட்டிலேயே உட்கார்ந்து நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கருத்தப்பாண்டி தண்ணீர் கொண்டுவந்தார். அது குடிக்கவில்லை. அதன் கழுத்தில் விரல் வைத்தபடி அவள் இருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அது அடங்கிவிட்டது. கருத்தப்பாண்டி ஒரு சாக்கைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஊர் தன் வழக்கப்படி பேசியது. நாய் போனால் போகிறது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றது. போலீஸுக்குப் போனால் பிள்ளையின் பெயர்தான் கெடும் என்று பெரியவர்கள் சமுத்திரத்திடம் வந்து சொன்னார்கள். ஐயாதுரையை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து நாள் மதுரையில் சித்தி வீட்டில் இருந்துவிட்டு வந்து மறுபடியும் பாலத்தில் உட்கார்ந்தான். அழகுத்தாய்தான் வேலையிலிருந்து நின்றாள். தை பிறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் வைத்துச் சோணைமுத்துவோடு கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. தப்பு செய்தவன் இருந்த இடத்திலேயே இருக்க, தப்பே செய்யாதவள் ரோட்டை விட்டுப் போவது நம் ஊரில் அதிசயமா என்ன?

கருத்தப்பாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அண்ணாச்சி என்ற சத்தம் கேட்டது. கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தைச் செய்யக் கிளம்பினார். சுப்புராஜ் தோப்புக்குப் போய்க் கெஞ்சிக் கூத்தாடி ஒரு குட்டி கேட்டார். செய்தியைக் கேள்விப்பட்டிருந்த சுப்புராஜ் மறுபேச்சு இல்லாமல் பிடித்த குட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கருத்தப்பாண்டி ஒவ்வொரு குட்டிக்கும் பின்னால் நின்று கையைத் தட்டிப் பார்த்து, விரலைச் சொடுக்கிப் பார்த்து, மெல்லிய சத்தத்துக்கும் திரும்புகிற ஒன்றாகத் தேடி எடுத்தார். கூடையில் சாக்கை விரித்து அதை வைத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போனார்.

முற்றத்தில் அழகுத்தாய் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே சமுத்திரம் இருமுகிற சத்தம் கேட்டது. கூடையை அவள் முன்னால் இறக்கி வைத்தார்.

“தாயி, இத நீ வச்சுக்கோ. அப்பாட்ட நான் பேசுதேன். கல்யாணத்தத் தள்ளிப் போடச் சொல்லுதேன். இது வளந்திட்டா நீ மறுபடி வேலைக்குப் போலாம். இதுக்கு நல்லாக் காது கேக்கும், நானே சோதிச்சுத்தான் எடுத்தேன்.”

அவள் குட்டியைப் பார்த்தாள். கை நீட்டித் தொடப் போனவள், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

“அதுக்குக் காது கேக்காதுன்னு அவியளுக்கு யாரு அண்ணாச்சி சொன்னா?”

கருத்தப்பாண்டி பொய் சொல்ல ஒரு கணம் நினைத்தார். பிறகு, “நாந்தான் தாயி. என் நாக்குல புழுதான் விழணும்” என்றார்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விளக்கிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினாள்.

“அதச் சொன்னதுகூடப் பெருசில்ல அண்ணாச்சி. வாய் தவறி வந்திருக்கும். அன்னைக்கு நான் சத்தம் போட்டப்ப கடையில எம்புட்டுப் பேரு நின்னிய? அம்புட்டுப் பேருக்கும் காது நல்லாக் கேட்டுச்சு. காது கேக்காத அதுதான் இழுத்துக்கிட்டு வந்துச்சு.”

அவள் கூடையை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

“எனக்கு நாய் வேண்டாம். இதயும் ஒருநா அடிச்சுப் போடுவாக. நாய இல்ல அண்ணாச்சி நான் தேடுனது. நான் ரோட்டுல போறப்ப ஒரு மனுசரு, ஏலேன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா போதும். நாயே வேண்டியிருந்திருக்காது.”

உள்ளேயிருந்து சமுத்திரம் யார் என்று கேட்டார். டீக்கடை அண்ணாச்சி, சும்மா பார்க்க வந்தாக என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கருத்தப்பாண்டி கூடையோடு வந்த பாதையிலேயே திரும்பினார். குட்டி வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அழகுத்தாய் சுந்தரபாண்டியத்துக்குப் போனாள். அவளுடைய ரீலிங் மிஷினுக்குக் கருத்தம்மா என்று ஒரு புதுப் பிள்ளை வந்தாள். அவளும் மண்பாதைப் பக்கத்திலிருந்துதான் வந்தாள், அவளும் ஒற்றையாகத்தான் வந்தாள். வந்த முதல் நாள் சாயங்காலமே பாலத்துக் கட்டையில் பாட்டு ஆரம்பித்தது. அவள் முன்னால் போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் தூக்குச்சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

கருத்தப்பாண்டி கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். இதைச் செய்தால் நாளைக்குக் கொட்டகையைப் பிரிக்கச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் ரோட்டில் இறங்கினார்.

“ஏலே ஐயாதுரை!” என்றார். அவருக்கே அது தன் குரல்தானா என்று இருந்தது. “எந்திரிலே அந்தக் கட்டைய விட்டு. அந்தப் பிள்ள போற ரோட்டுல இனி ஒரு சத்தம் வந்துச்சு, உன் அப்பன் வந்தாலும் விடமாட்டேன்.”

ஐயாதுரை திகைத்தான். இத்தனை வருஷத்தில் அந்தப் பாலத்தில் அவனை யாரும் பெயர் சொல்லி அதட்டியதில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தவசிமுத்து பெஞ்சியை விட்டு எழுந்து கருத்தப்பாண்டியின் பக்கத்தில் வந்து நின்றார். மில்காரர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். பேப்பரை மடித்துவிட்டுக் குமாஸ்தாவும் வந்தார். யாரும் கை ஓங்கவில்லை, கல் எடுக்கவில்லை. சும்மா நின்றார்கள். கட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஐயாதுரை கடைசியாக இறங்கி, முணுமுணுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் போனான். கருத்தம்மா விறுவிறுவென்று நடந்து பாலத்தைத் தாண்டி, கடையைத் தாண்டி, மண்பாதையில் இறங்கி மறைந்தாள்.

கருத்தப்பாண்டி நடு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தவசிமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குனிந்து தோளைத் தொட்டார்.

“என்ன அண்ணாச்சி, அவனுகதான் ஓடிட்டானுகளே. பொறவு எதுக்கு அழுவுறீய?”

“அதுக்குத்தாம்ப்பா அழுவுறேன்” என்றார் கருத்தப்பாண்டி. “ஒரு சத்தத்துக்கு ஓடிப் போற பயலுகப்பா. இம்புட்டுத்தான். அந்தச் சத்தத்த அன்னைக்கே போட்டிருந்தா அந்தப் பிள்ள இன்னும் இந்த ரோட்டுல நடந்துக்கிட்டு இருக்கும். ரோட்டுல போற பொம்பளப் பிள்ளைக்கு அங்கன நிக்கிற மனுசந்தாம்ப்பா காவலு. நாம வாய மூடிக்கிட்டு நின்னதுனாலதான் அது ஒரு வாயில்லாத சீவனைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. அதயும் நாமதான் கொன்னோம்.”